மூல மாதிரியின் மறுப்பு

காலையில் எழுந்ததும் அவன் முதலில் ஃப்ரிட்ஜைத் திறப்பான். நடுத்தட்டில் இருக்கும் சின்ன வெப்பமானியைப் பார்ப்பான். நான்கு டிகிரி காட்டினால் மூடிவிடுவான். பல் துலக்குவான். பால் காய்ச்சுவான். இரண்டு டம்ளரில் டீ ஊற்றி ஒன்றைக் கட்டிலுக்குக் கொண்டுபோவான். அவன் மனைவி எழுந்து உட்கார்ந்து, இடது விலாவுக்குக் கீழே மெல்லத் தட்டிப் பார்த்து, "பெரியவர் எழுந்துட்டார்" என்பாள். பெரியவர் என்பது அவளுடைய மண்ணீரல். வீங்கி வீங்கித் தொப்புள்வரை இறங்கிவிட்டதால் அந்த மரியாதை. டீ குடித்த பிறகு அவன் பெயிண்ட் கடைக்குக் கிளம்புவான். அவள் டிரைவிங் ஸ்கூலுக்குக் கிளம்புவாள்.

அவன் வேதியியல் படித்தவன். கலர் கலக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பது வேலை. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அதை அவள் மிதிக்கும் அழகைப் பார்த்து, அவளிடம் ஓட்டப் பழகியவர்கள் அவளுக்கு 'ரெண்டாம் பிரேக்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எதிரே லாரி வந்தாலும் குரலை உயர்த்தமாட்டாள். வண்டி நின்றுவிடும். நின்ற பிறகு, "இப்ப என்ன தப்புப் பண்ணீங்கன்னு நீங்களே சொல்லுங்க" என்பாள்.

அவள் உடம்பில் ஒரு நொதி சுரப்பதில்லை. பிறவியிலேயே கிடையாது. செல்களில் சேரும் ஒருவகைக் கொழுப்பைக் கரைத்து அப்புறப்படுத்த வேண்டியது அந்த நொதிதான். "குப்பை வண்டி வராத தெருன்னு வச்சுக்குங்க" என்று மருத்துவர் விளக்கினார். குப்பை மண்ணீரலில் சேர்ந்தது, கல்லீரலில் சேர்ந்தது, எலும்புக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது. நொதியை வெளியே தயாரித்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றினால் தெரு சுத்தமாகும். ஏற்றினார்கள். பெரியவர்கூடக் கொஞ்சம் அடங்கினார். பிறகு அந்த மருந்தைத் தயாரித்த நிறுவனம், இந்த நாட்டில் நோயாளிகள் போதவில்லை என்று சொல்லிக் கடையைக் கட்டியது.

அப்படியானால் மருந்தே இல்லையா என்றால், இருந்தது. வேறொரு நிறுவனம் அதே நொதியைத் தயாரித்திருந்தது. உயிருள்ள செல்களில் வளர்த்து எடுப்பது என்பதால் அச்சு அசலாக அதே என்று சொல்ல முடியாது. ஆனால் அதே வேலையைச் செய்யும். ஒப்புமை மருந்து என்பார்கள். பெட்டி பெட்டியாக வந்து இறங்கி, ஒப்புமை மருந்து வாரியத்தின் பின்பக்கக் குளிர் அறையில் இருந்தது. வாரியம் சரி என்று சொன்னால் வெளியே வரும். அவ்வளவுதான் பாக்கி.

அந்த அவ்வளவுதானை முடித்துவிட்டு வர அவன் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனான்.

வாரியக் கட்டடத்தில் எதையும் எதனோடாவது ஒப்பிடாமல் உள்ளே விடுவதில்லை. வாசல் ஜன்னலில் இருந்த எழுத்தர் முதலில் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்துவிட்டு அட்டையைப் பார்த்தார். இரண்டும் வேறு வேறு சோதனைகளாம்.

"போட்டோவுல சிரிக்கிறீங்க. இப்ப சிரிக்கலையே."

"அது கல்யாணம் ஆன புதுசுல எடுத்தது சார்."

"அப்ப அவர் வேற, நீங்க வேறங்கிறீங்க."

"ஆள் ஒண்ணுதான் சார்."

"அதை நாங்கதானே சொல்லணும்."

அவன் சிரித்துக் காட்டினான். இன்னும் கொஞ்சம் என்றார் எழுத்தர். இன்னும் கொஞ்சம் சிரித்தான். நுழைவுச் சீட்டில் முத்திரை விழுந்தது.

மாடியில் வாரியச் செயலர் அவனை உட்காரச் சொன்னார். பணிவான மனிதர். யார் வந்தாலும் எழுந்து நின்று வரவேற்பார். வந்த வேலை நடக்காது என்பதையும் நின்றபடியேதான் சொல்வார்.

"கூட்டம் நடந்தாத்தான் தம்பி முடிவெடுக்க முடியும். கூட்டம் நடக்க முடியல. ஒரு உறுப்பினர் ஓய்வு பெற்றுட்டார்."

"வேற யாரையும் போடலையா சார்?"

"போட்டாச்சு. ஆனா புதுசா வந்தவர் பழையவருக்கு ஒப்பானவர்னு நிரூபணம் ஆகணுமே. இல்லன்னா இது பழைய கூட்டத்தோட தொடர்ச்சி ஆகாது."

"அதை எப்படி நிரூபிப்பீங்க?"

"ரெண்டு பேர்கிட்டயும் ஒரே கேள்வியைக் கேட்டு, ஒரே பதில் வருதான்னு பார்ப்போம். பழையவர் எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதே இல்ல. இவர் சொல்லிடுறார். அங்கதான் சிக்கல்."

அவன் அனுதாபத்தோடு தலையசைத்தான். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"இருக்கட்டும். கூட்டம் நடந்தாலும், இந்த மருந்தை முப்பது பேருக்காவது கொடுத்துப் பார்த்திருக்கணும். நாட்டுல மொத்தம் எத்தனை பேருக்கு இந்த நோய்?"

"மூணு பேர் சார். என் மனைவி. அப்புறம் சலவைக் கடையில வேலை பாக்குற அண்ணன் தம்பி ரெண்டு பேர். இரட்டைப் பிறவி."

செயலர் வருத்தத்தோடு திருத்தினார். "மூணு இல்ல. ரெண்டு. அந்த அண்ணன் தம்பி எல்லா விதத்துலயும் ஒப்பானவங்கன்னு நாங்கதான் சான்றிதழ் கொடுத்தோம். ஒப்புமை நிரூபணம் ஆயிட்டா ஒரு ஆளாத்தான் எண்ணணும். இந்த வாரியம் இதுவரைக்கும் ஒப்புக்கிட்ட ஒரே ஜோடி அவங்கதான். எங்களுக்கு அதுல ரொம்பப் பெருமை."

"அப்ப முப்பது பேருக்கு எங்க சார் போறது?"

"நீங்களும் எண்ணிக்கையைக் கூட்ட ஏதாவது முயற்சி பண்ணலாமே."

"இது பரம்பரையா வர்ற நோய் சார்."

"நீண்டகாலத் திட்டமா வச்சுக்குங்க."

பிறகு செயலர் இரக்கப்பட்டார். விதிவிலக்கு ஒன்று உண்டு. பழைய மருந்தில் ஒரு குப்பி, அதாவது மூல மாதிரி, வாரியத்தின் கைக்கு வந்தால் புதியதை அதோடு ஆய்வகத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முப்பது பேர் தேவைப்படாது.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க? பெயிண்ட் கடையா? அப்ப உங்களுக்கு நான் சொல்லவே வேணாம். கஸ்டமர் கலர் சாம்பிள் கொண்டுவராம வந்து நின்னா நீங்க கலக்கித் தருவீங்களா?"

"மாட்டேன் சார்."

"பாத்தீங்களா. நம்ம ரெண்டு பேர் தொழிலும் ஒண்ணுதான்."

அவன் ஆமாம் என்றான். சாம்பிள் கொண்டுவராதவருடைய சுவரை அவன் பூட்டி வைத்துக்கொள்வதில்லை என்பது பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் அதற்கு முன்பே, செயலர் எதிரிலேயே, வாயை விட்டுவிட்டான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் செய்யும் காரியத்தைச் செய்தான்.

"எங்க வீட்டு ஃப்ரிட்ஜுல ஒண்ணு இருக்கு சார். கடைசி குப்பி. வர்ற வாரம் அவளுக்கு ஏத்தணும்."

செயலர் முதல்முறையாக உட்கார்ந்தார்.

இரண்டு நாளில் ஆணை வந்தது. நாட்டில் எஞ்சியுள்ள ஒரே மூல மாதிரியை, குளிர்ச்சி குலையாமல், அதை வைத்திருப்பவர் நேரில் கொண்டுவந்து வாரியத்தின் சிறப்பு அமர்வில் ஒப்படைக்க வேண்டும். ஏற்கெனவே உடலில் ஏற்றிவிட்டதாகச் சொல்லித் தப்பிக்க முடியாது.

"உன்னை யாருடா சொல்லச் சொன்னா?" என்றாள் அவள். கல்லூரியில் ஒரே வகுப்பு. வீட்டுக்குள் அவன் 'டா'தான்.

"கேட்டாரு. சொல்லிட்டேன்."

"அவர் கேக்கவே இல்லையே. நீயா சொல்லியிருக்க."

மருந்து ஏற்ற வீட்டுக்கு வரும் நர்ஸ் அக்கா சமையலறையில் கை கழுவிக்கொண்டே, "தம்பிய மட்டும் போலீஸ்ல பிடிச்சா அடிக்கவே வேணாம்" என்றார்.

அவள் ஆணையை மறுபடி படித்தாள். "இதைக் குடுத்தா அந்தப் பசங்க ரெண்டு பேருக்கும் புது மருந்து வருமா?"

"வரணும்."

"எனக்கும்?"

"உனக்கும்தான்."

"அப்ப குடுத்துடலாம். ஒரு தடவை ஏத்தலன்னா செத்துடமாட்டேன். ஆனா சும்மா வச்சுட்டு வரமாட்டேன். நாலு கேள்வி கேட்டுட்டுத்தான் குடுப்பேன். அக்கா, நீங்களும் வாங்க. ஊசி, டியூப், சலைன் எல்லாத்தையும் எடுத்துக்குங்க."

"அதெல்லாம் எதுக்கு?"

"பதில் சரியில்லன்னா?"

அமர்வு நடந்த மண்டபத்தில் நீளமான மேசை. புதிய உறுப்பினர் பார்வையாளர் வரிசையில் உட்காரவைக்கப்பட்டிருந்தார். பழையவரைப் போல அமைதி காக்கும் பயிற்சியாம். சலவைக் கடை அண்ணன் தம்பியும் வந்திருந்தார்கள். அவர்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு நாற்காலி போடப்பட்டிருந்தது. இரண்டு பேரும் பாதிப் பாதி உட்கார்ந்தார்கள்.

தலைவர் எழுந்து பேசினார். "இந்த வாரியம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு தவறான மருந்தைக்கூட அனுமதித்ததில்லை. சரியான மருந்தையும் அனுமதித்ததில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். நாங்கள் பாரபட்சம் காட்டுவதில்லை என்பதுதான் அதன் பொருள். நோயாளிக்கு அவசரம் இருக்கலாம். அறிவியலுக்கு அவசரம் கிடையாது. எனக்கும் கிடையாது. அடுத்த மாதம் எனக்குப் பதவி நீட்டிப்பு வருகிறது. அந்தக் குப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போகலாம் அம்மா."

அவள் ஐஸ் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை.

"எப்ப ஒப்பிட்டுப் பாப்பீங்க?"

"உறுப்பினர் நியமனம் உறுதியானதும்."

"அது எப்ப உறுதியாகும்?"

"கூட்டம் கூடித்தான் உறுதி செய்ய வேண்டும்."

"உறுப்பினர் இல்லாமக் கூட்டம் கூடாது. சரி. இந்தக் குப்பி அடுத்த மாசக் கடைசியில காலாவதி ஆகுது. அதுக்குள்ள முடிச்சுடுவீங்களா?"

தலைவர் செயலரைப் பார்த்தார். செயலர் எழுந்து நின்றார். எழுந்து நின்றதிலேயே பதில் தெரிந்துவிட்டது.

"காலாவதி ஆன மூலத்தோடு எதையும் ஒப்பிட விதியில் இடமில்லை" என்றார் தலைவர். "அப்படி ஆனால், வேறு மூல மாதிரி கேட்டு வாங்கிக்கொள்வோம்."

"யார்கிட்ட கேப்பீங்க?"

"உங்களிடம்தான் அம்மா. வேறு யாரிடம் இருக்கிறது?"

அவள் புடவைத் தலைப்பை ஒதுக்கிவிட்டு இடது கையை மேசைமேல் நீட்டினாள். "அக்கா, ஏத்துங்க."

நர்ஸ் அக்கா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பொடியைக் கரைத்தார், சலைன் பையில் சேர்த்தார், பையை மாட்ட இடம் தேடினார். சுவரில் வாரியத்தின் முதல் தலைவருடைய படம் இருந்தது. படத்தை இறக்கி வைத்துவிட்டு அந்த ஆணியில் பையை மாட்டினார். ஊசி போட்டார். சொட்டு விழத் தொடங்கியது.

"அம்மா, அது மூல மாதிரி" என்றார் செயலர்.

"தெரியும் சார். ஒப்படைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். உள்ள போயிட்டிருக்கு. ஒப்பிட்டுப் பாருங்க."

யாரும் எழுந்து போகவில்லை. எழுந்து போனால் அமர்வு கலைந்துவிடும். கலைந்தால் அமர்வுப் படிப் பணம் கிடைக்காது. சொட்டு இறங்கி முடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். பாதி பை இறங்கியபோது வாரியம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. மூல மாதிரி இப்போது இந்தப் பெண்ணுக்குள் இருப்பதால், இந்தப் பெண்ணே மூல மாதிரி. மூல மாதிரியைப் பாதுகாப்பது வாரியத்தின் பொறுப்பு. எனவே அவரை இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும்.

குளிர் அறை அலுவலர் மட்டும் ஆட்சேபம் சொன்னார். மனிதாபிமானம் காரணமில்லை. தட்டுகளின் உயரம் போதாது என்றார். படுக்க வைத்தால் போதுமா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். நீண்ட விவாதத்துக்குப் பிறகு, மூல மாதிரி தற்போதைக்கு அவர் வீட்டிலேயே இருக்கட்டும், வாரந்தோறும் அலுவலர் வந்து பார்வையிடட்டும் என்று தீர்மானம் ஆனது.

அலுவலர் வந்தார். வாசல் கதவில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்: மூல மாதிரி. வெயில் படக் கூடாது. கவிழ்த்து வைக்கக் கூடாது. பிறகு அவள் வாயில் வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"முப்பத்தேழு காட்டுதும்மா. அளவைத் தாண்டிப் போச்சு. எழுதி அனுப்ப வேண்டியிருக்கும்."

"எழுதுங்க. கூடவே எனக்குக் கவுந்து படுத்துத்தான் பழக்கம்னும் எழுதுங்க" என்றாள் அவள்.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அலுவலர் போன பிறகு அவளும் சேர்ந்து சிரித்தாள். அவர்கள் இருவரும் சேர்ந்து அப்படிச் சிரித்தது அதுவே கடைசி என்று அப்போது தெரியாது.

ஏற்ற மருந்து இல்லாமல் வாரங்கள் போயின. குளிர் அறையைத் திறக்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். முதல் கையெழுத்து அவளுடையது. கீழே அண்ணன், அதற்குக் கீழே தம்பி. வாரியம் அனுப்பிய பதிலில் மனுதாரர் இருவர் என்று இருந்தது. முதல் மனுதாரர் விலகிக்கொண்டால் மனுவே விழுந்துவிடும் என்று வழக்கறிஞர் எச்சரித்தார். "நான் எங்க விலகப் போறேன்" என்றாள். பெரியவர் மறுபடி எழுந்து உட்கார்ந்துகொண்டார். அவள் டிரைவிங் ஸ்கூலுக்குப் போவது நின்றது. பல் துலக்கினால் ரத்தம் வந்தது. ஒருநாள் குளியலறையில் மயங்கி விழுந்தாள். வயிற்றுக்குள் ரத்தக்கசிவு என்றார்கள்.

மருத்துவமனைக்குச் செயலர் வந்தார். அறைக்கு வெளியே நின்றபடி ஒரு தாளை அவனிடம் நீட்டினார்.

"வாரியம் கருணை அடிப்படையில ஒரு குப்பி தர்றதா முடிவு பண்ணியிருக்கு தம்பி. இவங்களுக்கு மட்டும். வாரியத்தோட நடவடிக்கைகள் முழுத் திருப்தி தருது, அதனால மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன்னு ஒரு கையெழுத்து போட்டாப் போதும்."

"அந்தப் பசங்க?"

"அவங்களைப் பத்தி இதுல ஒண்ணும் இல்ல."

அவன் மருத்துவரைப் பார்த்தான். மருத்துவர், "இப்ப ஏத்தினா பலன் இருக்கும்னு என்னால சொல்ல முடியாது. இருக்காதுன்னும் சொல்லமாட்டேன்" என்றார். அவனுக்கு அது போதும். தாளை வாங்கிக்கொண்டான். பேனாவையும் வாங்கிக்கொண்டான்.

செயலர் குரலைத் தாழ்த்தி ஆறுதல் சொன்னார். "கையெழுத்து போட முடியலன்னாலும் கவலைப்படாதீங்க. தூங்கிட்டிருந்தாங்கன்னா, மறுப்பு ஏதும் தெரிவிக்கலன்னு நாங்களே எழுதிக்கலாம். மறுக்காதவங்க சம்மதிச்சவங்கதான். விதியில இடம் இருக்கு."

அவன் உள்ளே போனான். வெளியே வந்தபோது செயலர் இல்லை. நாற்காலியில் ஒரு சீட்டு மட்டும் கிடந்தது. நோயாளி உறக்கத்தில் இருப்பதாக அறிகிறோம், விரைவில் நலம் பெற வாழ்த்துகள்.

அன்று மாலை அவள் இறந்தாள்.

இரங்கல் கூட்டத்துக்கு உறுப்பினர் குறை இருக்கவில்லை. புதிய உறுப்பினர் கேள்விகளுக்குப் பதில் சொல்வதை நிறுத்தியிருந்ததால் ஒப்பானவராக ஏற்கப்பட்டிருந்தார். ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள். முந்தைய மௌனத்தின் அளவுக்கு இது இருந்தது என்று செயலர் உறுதி செய்தார். பிறகு தலைவர் பேசினார்.

"நாம் மூல மாதிரியை இழந்துவிட்டோம். மூலமே இல்லாத நிலையில் இந்தப் புதிய மருந்து எதற்கும் ஒப்பானது அல்ல. அதாவது ஒப்பற்றது. ஒப்பற்ற மருந்துகளை அனுமதிக்க இந்த வாரியத்துக்கு அதிகாரம் இல்லை என்பதைக் கனத்த இதயத்தோடு தெரிவிக்கிறேன். மறைந்தவர் மனுவை விலக்கிக்கொள்ள மறுப்பேதும் சொல்லாமல் அமைதியான உறக்கத்தில் ஆழ்ந்தார் என்பது நமக்கெல்லாம் ஆறுதல்."

அண்ணனும் தம்பியும் ஒரே நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவன் எழுந்தான். எழுந்திருக்க வேண்டும் என்று யோசித்து எழுந்ததாக நினைவில்லை.

"அவ தூங்கல. மறுத்தா."

"அதற்குச் சான்று?"

"நான் பக்கத்துல இருந்தேன்."

"அவர் சொன்னதும் இப்போது நீங்கள் சொல்வதும் ஒன்றுதானா என்று நாங்கள் எதை வைத்து ஒப்பிடுவது?"

"ஒப்பிட முடியாது சார். மூலம் போயிடுச்சு. இப்ப இருக்கிறது நான்தான். இதை வச்சுத்தான் நீங்க ஓட்டணும்."

குறிப்பு எழுதும் எழுத்தர் பேனாவை நிறுத்தித் தலைவரைப் பார்த்தார். பிறகு புதிய உறுப்பினர், யாரும் அவரைக் கேட்காமலே, "எழுதிக்குங்க" என்றார். அதோடு அவருடைய ஒப்புமை ரத்தானது. ஆனால் சொன்னது சொன்னதுதான், எழுத்தர் எழுதிவிட்டார். மறைந்தவர் தம் உடன்பாடின்மையைத் தெரிவித்தார் என்று எழுதினார்.

அந்த ஒரு வரியால் மனு விழவில்லை. நீதிமன்றம் உத்தரவிட்டது, குளிர் அறையிலிருந்து ஒரு பெட்டி வெளியே வந்தது. ஒரு ஆளுக்கான அளவுதான் வந்தது. வாரியத்தின் கணக்கில் அண்ணனும் தம்பியும் ஒருவர்தானே. இன்னொரு ஆளுக்கான அளவு கேட்டு அடுத்த மனு போடப்பட்டிருக்கிறது. அதில் முதல் கையெழுத்து அவனுடையது. அண்ணனுக்கு ஏற்றும்போது தம்பி வரிசையில் நிற்கிறான், அடுத்த முறை தம்பிக்கு ஏற்றும்போது அண்ணன். வாரியம் கூடும் ஒவ்வொரு முறையும் மூவரும் போய் முதல் வரிசையில் உட்காருகிறார்கள். இரண்டாவது நாற்காலியை அவர்களே கொண்டுபோகிறார்கள்.

உடன்பாடின்மை என்ற சொல்லை அவள் வாழ்நாளில் பேசியதில்லை. அந்தத் தாளோடு அவன் உள்ளே போனபோது அவள் விழித்திருந்தாள். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை, செயலர் பேசியது எல்லாம் கேட்டிருந்தது. அவன் தாளைக் காட்டினான். போட்டுடு, எனக்காகப் போட்டுடு என்றான். பேனாவை அவள் விரல்களுக்கு நடுவில் வைத்தான். அவள் அதைப் போர்வைமேல் விட்டுவிட்டாள். உதடு காய்ந்திருந்தது. அவன் பஞ்சை நனைத்துத் துடைத்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பேச்சு முடிந்தது என்று நினைத்து அவன் எழுந்தபோது, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"நான் தூங்கிட்டேன்னு சொல்லாதடா. மாட்டேன்னு சொன்னேன்னு சொல்லு."